பதினோராவது நிமிடம்

அத்தியாயம் 6

"ரோஸ் கலர் தெரியுதா, இல்லையா?"

இன்ஸ்பெக்டர் அந்த டெஸ்ட் டியூபை மேடத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார். பிளாஸ்டிக் உறை, அதில் ஒரு சீட்டு, சீட்டில் கேஸ் நம்பர். உள்ளே இருந்த தண்ணீர் நன்றாகவே ரோஸாக இருந்தது.

"தெரியுது," என்றார் மேடம்.

"ரெஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கான்?"

"சைபர்."

"அவ்வளவுதான் கேஸ். மாத்திரையைப் போட்டதும் ரோஸ் ஆச்சுன்னா தண்ணியில குளோரின் இருக்குன்னு அர்த்தம். இவன் ரோஸைக் கண்ணால பார்த்துட்டு சைபர்னு எழுதியிருக்கான். அந்தத் தண்ணி டயாலிசிஸ் மிஷினுக்குப் போச்சு. மூணு பேர் ரத்தம் கெட்டு செத்தாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ஃபைல் கோர்ட்டுக்குப் போகுது. அதுக்குள்ள நீங்க என்ன வேணா கண்டுபிடிங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை."

"நாங்க கண்டுபிடிச்சா ஃபைலுக்கு ஆட்சேபணை இருக்கும் சார்," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் ஒரு செல் காலியாக இருப்பது புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு வராத வேலை. வராது என்பதால்தான் எல்லோரும் என்னை ஸ்பீக்கர் என்று கூப்பிடுகிறார்கள். மேடம் பதினாறு வருஷம் கறுப்புக் கோட்டு போட்டு வாதாடியவர். கட்சிக்காரர் ஜெயிப்பதைவிட உண்மை என்ன என்று தெரிந்துகொள்வதில் ஆசை அதிகமாகிவிட்டதால் வக்கீல் தொழில் படுத்துவிட்டது. இப்போது துப்பறிகிறார். நான் கூடவே நடந்து, தேவையில்லாததையெல்லாம் பேசுகிறேன்.

செல்லில் இருந்தவன் அந்த டயாலிசிஸ் மையத்தின் டெக்னீஷியன். எங்களை அமர்த்தியது அவனுடைய அக்கா. அதே மையத்தின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

மணி பத்தே முக்கால்.

*

மையம் முதல் மாடியில் இருந்தது. ஆறு சாய்வு நாற்காலிகள், பக்கத்தில் ஆறு மிஷின்கள், எல்லாமே வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. ஆனாலும் அக்கா முன்மேசையை விடவில்லை. எந்தெந்த நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றிப் போக வேண்டும் என்று சீட்டுச் சீட்டாக எழுதிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

"மூணாம் நம்பர் நாற்காலிக்காரர் வீட்டுக்கு நேத்து போனேன்," என்றாள். "அவர் சம்சாரம் என்னைக் கட்டிக்கிட்டு அழறாங்க. என் தம்பிதான் கொன்னான்னு ஊரே சொல்லுது, அவங்க என்னைக் கட்டிக்கிட்டு அழறாங்க. நான் என்ன சொல்லட்டும் மேடம்?"

மேடம் மையத்து டாக்டரின் போன் நம்பரைக் கேட்டார். அக்கா மேசையிலிருந்த சீட்டுக் கட்டில் ஒன்றைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். மேடம் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அச்சடித்த எழுத்து. 'குழாய் பழுது காரணமாக வியாழனன்று குடிநீர் நிறுத்தப்படும்.'

"தண்ணி டிபார்ட்மென்ட் நோட்டீஸ்," என்றாள் அக்கா. "வாரத்துக்கு ஒண்ணு வந்துடும். தொட்டி கழுவறோம், தண்ணி வேகம் குறையும், அது இதுன்னு. ஒரு பக்கம்தான் அச்சு. பேப்பர் நல்ல கெட்டி. தூக்கிப் போட மனசு வருமா? வெட்டித் தச்சு சீட்டுக் கட்டா வச்சுக்குவேன்."

"எங்க ஆபீஸுக்கும் நாலு கட்டு தச்சுக் கொடுங்க. மேடம் சிகரெட் அட்டையில நோட்ஸ் எடுக்கறாங்க," என்றேன். தம்பி கைதான நாலு நாளில் அக்கா முதல் தடவையாகச் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

பின்னறையில்தான் தண்ணீர் சுத்தமாகிறது. தெருக்குழாய்த் தண்ணீர் ஆளுயரக் கார்பன் டேங்குக்குள் போகும். உள்ளே இருக்கும் கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும். டேங்கைத் தாண்டியதும் ஒரு சின்னக் குழாய். அங்கேதான் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் தம்பி தண்ணீர் பிடித்துச் சோதிப்பான். மேசையில் மாத்திரை அட்டை, கழுவிக் கவிழ்த்த காலி டியூப்கள், ஒரு பக்கம் வெள்ளையாக உள்ளங்கையகல அட்டை ஒன்று. எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது.

"அவன் எப்படிச் சோதிப்பான்? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார் மேடம்.

"தண்ணி பிடிப்பான், மாத்திரையைப் போட்டுக் குலுக்குவான். இந்த வெள்ளை அட்டையைப் பின்னால பிடிச்சு வெளிச்சத்துல பார்ப்பான். ரெஜிஸ்டர்ல எழுதுவான். உடனே மூணு தடவை கழுவிக் கவிழ்த்துடுவான். ஒரு நிமிஷம்கூட வைக்க மாட்டான் மேடம். டியூப்ல கறை பிடிச்சா நாளைக்குப் பார்க்கிற கலர் பொய்யாயிடும்னு சொல்லுவான்."

"அன்னைக்கு மட்டும் கழுவலையா?"

"ரெண்டாவது ஷிஃப்டுக்கு டெஸ்ட் பண்ணி எழுதி முடிச்சான். அப்போதான் மூணாம் நம்பர்க்காரர் முதுகு வலிக்குது, மூச்சு முட்டுதுன்னு கத்தினார். போட்டது போட்டபடி ஓடினான். சாயங்காலம் போலீஸ் வந்து பார்க்கறப்போ அது ரோஸா இருந்துச்சு."

"ஒரு மாசமா நோயாளிங்க எப்படி இருந்தாங்க?"

"எல்லாருமே வெளிறிப் போயிட்டே இருந்தாங்க. ரத்தம் ஏறவே இல்லை. சாப்பாடு சரியில்லைன்னு டாக்டர் திட்டிக்கிட்டே இருந்தார்."

மேடம் அந்தச் சின்னக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். ஒரு டியூப், நாலு மாத்திரை எடுத்துக்கொண்டார். கடைசியாக வெள்ளை அட்டையையும் எடுத்தார்.

"அது நான் செஞ்சு கொடுத்தது," என்றாள் அக்கா. "பழைய அட்டை மஞ்சளாயிடுச்சு, கலர் சரியாத் தெரியலைக்கான்னு சொன்னான். நல்ல வெள்ளைப் பேப்பரா பார்த்து அட்டையில ஒட்டிக் கொடுத்தேன். அவனுக்கு எதுவும் சுத்தமா இருக்கணும்."

*

மாடிப்படி இறங்கினால் வண்ண மீன் கடை. மீன்காரர் சின்ன வலையால் செத்த மீன்களை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணியை அப்படியே ஊத்திட்டீங்களா?" என்றார் மேடம்.

"என்னைப் பார்த்தா நேத்துக் கடை வச்சவன் மாதிரியா இருக்கு?" அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "குழாய்த் தண்ணியை ஒரு நாள் திறந்து வச்சா குளோரின் பறந்துடும். முப்பது வருஷமா அப்படித்தான் வளர்க்கிறேன். இப்போ மூணு நாள் வச்சு ஊத்தினாலும் மல்லாந்துடுது. ஒன்றரை மாசமா இதே பொழைப்பு."

"கடையில நல்லா வளர்றது பிளாஸ்டிக் செடி மட்டும்தான் போலிருக்கே," என்றேன்.

அவர் வாளியைத் தூக்கினார். நான் மேடத்துக்குப் பின்னால் போனேன்.

மேடத்தின் கண் வாளியிலேயே நின்றது. "ஒரு நாள்ல பறக்க வேண்டியது மூணு நாளாகியும் பறக்கலை. அப்போ அது குளோரினே இல்லை. ஸ்பீக்கர், கடிகாரத்தைப் பாரு."

பதினொன்று நாற்பது. கடை மேசையில் டியூபை வைத்து, மையத்துத் தண்ணீரை ஊற்றி, மாத்திரை போட்டுக் குலுக்கினார். வெள்ளை அட்டையை என் கையில் கொடுத்துப் பின்னால் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"சைபர்," என்றேன். "கழுவிடலாமா?"

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன். அட்டையை ஆட்டாம பிடி."

பிடித்தேன். இரண்டு நிமிடம், நாலு நிமிடம். கை கடுத்தது. என் கல்யாணப் போட்டோவுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆடாமல் நின்றதில்லை என்று புலம்பினேன். ஏழாவது நிமிடத்தில் மீன்காரரும் வலையைப் போட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தார். ஒன்பதாவது நிமிடத்தில் எனக்கு ஏதோ தெரிவது மாதிரி இருந்தது, ஆனால் ஆசைப்படுகிற கண்ணுக்கு இல்லாததும் தெரியும் என்பதால் சொல்லவில்லை.

பதினோராவது நிமிடத்தில் சந்தேகமே இல்லை. ரோஸ்.

"மேடம்! அவன் பார்க்கறப்போ வெள்ளையாத்தான் இருந்திருக்கு! உடனே உடனே கழுவினதால அவன் ரோஸைப் பார்த்ததே இல்லை! அன்னைக்கு ஒரு நாள்தான் கழுவலை, அது தானா மாறி போலீஸ் கையில மாட்டியிருக்கு!" மீன்காரரைக் கட்டிப்பிடித்தேன். மீன் நாற்றம் அடித்தது. கவலைப்படவில்லை.

"அவன் பொய் எழுதலை," என்றார் மேடம். அவர் முகத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "தண்ணியில என்ன மாறிச்சுன்னு மட்டும் கேட்டுடுவோம். வண்டியை எடு."

அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாக இருந்தது. திரும்பத் திரும்ப அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

*

குடிநீர் நிலையத்தின் கெமிஸ்ட் நிதானமான மனிதர். ஒளிக்க அவரிடம் ஒன்றுமில்லை.

"குளோரமைன்," என்றார். "ஒன்றரை மாசமா குளோரினோட கொஞ்சம் அம்மோனியா கலக்கிறோம். ரெண்டும் சேர்ந்தா குளோரமைன். வெறும் குளோரின் குழாய்ல போகப் போகத் தீர்ந்துடும். கடைசித் தெருக்காரங்களுக்குக் கிருமியோடதான் தண்ணி போகும். போன வருஷம் அங்க எத்தனை குழந்தைங்களுக்கு வயித்தால போச்சு தெரியுமா? இது கடைசி வீடு வரைக்கும் நிக்கும். இப்போ ஒரு குழந்தைக்கும் ஒண்ணும் இல்லை."

"குடிச்சா?"

"ஒண்ணும் ஆகாது. வயிறு பார்த்துக்கும். ஆனா மீனுக்குச் செவுள் வழியா ரத்தத்துல கலந்துடும். மனுஷனுக்கு டயாலிசிஸ்ல அதே கதைதான். கரியும் இதை லேசுல பிடிக்காது, டேங்க் பெருசா வேணும். டெஸ்டுக்கும் வேற மாத்திரை. பழைய மாத்திரையில உடனே தெரியாது, ரொம்ப மெதுவாத்தான் கலர் வரும்."

"பதினோரு நிமிஷம்," என்றேன். "இதை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா, இல்ல குழாய்கிட்ட மட்டும் சொன்னீங்களா?"

அவர் கோபிக்கவில்லை. அலமாரியைத் திறந்து பட்டுவாடா ரெஜிஸ்டரை எடுத்து விரித்தார். ஆஸ்பத்திரிகள், டயாலிசிஸ் மையங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, கையெழுத்து. ஐம்பது நாளுக்கு முந்தைய தேதியில் நம் மையம் இருந்தது. எதிரே முத்து முத்தான எழுத்தில் ஒரு கையெழுத்து.

என் பையில் டாக்டரின் நம்பர் எழுதிய சீட்டு இருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

"நோட்டீஸோட நகல் இருக்கா?" என்றார் மேடம்.

கெமிஸ்ட் கொடுத்தார். கெட்டியான வெள்ளைத் தாள். ஒரு பக்கம்தான் அச்சு.

மேடம் அதைத் திருப்பி வெறும் பக்கத்தைத் தடவினார். கைப்பையிலிருந்து வெள்ளை அட்டையை எடுத்து அதன் மேலும் விரலை ஓட்டினார். பிறகு, "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தட்டில் வெந்நீர் ஊற்றி அட்டையை ஊற வைத்தோம். பசை இளகியது. மேடம் ஒரு முனையைப் பிடித்து, கிழியாமல், மெல்ல உரித்துத் திருப்பினார். ஓரங்கள் அட்டைக்கு ஏற்ற மாதிரி வெட்டுப்பட்டிருந்தன. மீதி தெளிவாகவே இருந்தது.

'டயாலிசிஸ் மையங்களின் அவசரக் கவனத்துக்கு. வரும் முதல் தேதியிலிருந்து குடிநீரில் குளோரமைன் சேர்க்கப்படும். வழக்கமான குளோரின் சோதனையில் இது உடனே தெரியாது. மொத்தக் குளோரின் சோதனைக்கு மாறவும். தவறினால் நோயாளிகளின் உயிருக்கு'

அதோடு தாள் வெட்டுப்பட்டிருந்தது.

நாற்பது நாள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் அவன் இந்தத் தாளைத்தான் டியூபுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறான். பதினோரு நிமிடம் நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை.

வெளியே வந்து மேடம் டாக்டருக்குப் போன் செய்தார். தண்ணீரில் இருப்பது என்ன, எந்த மாத்திரை வாங்க வேண்டும், டேங்கை எப்படி மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில், "போலீஸ்கிட்ட நான் எதுக்கு வாயைத் திறக்கணும்? பையன் மேல கேஸ் இருக்கிற வரைக்கும் என்னை யாரும் கேட்கப் போறதில்லை," என்று வைத்துவிட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கு இனி ஆபத்தில்லை. நாங்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

*

மூன்று மணி பத்து நிமிடம். கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி எழுந்து நின்றான். நாலு நாள் தாடி, ஆனால் சட்டைக் கை ஒழுங்காக மடித்துவிடப்பட்டிருந்தது.

மேடம் பதினோராவது நிமிடத்தைச் சொன்னதும் அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ நான் பார்த்தது சரிதானே மேடம்? நாலு நாளா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் கண்தான் கெட்டுப் போச்சோன்னு." அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். நான் இன்ஸ்பெக்டர் அறைப் பக்கம் போகத் திரும்பினேன்.

"இருங்க," என்றான். டெக்னீஷியன் மூளை அவனுக்கு. ஒரு படியைக்கூடத் தாண்டிப் போகாது. "இவ்வளவு பெரிய மாற்றம் பண்ணிட்டு டிபார்ட்மென்ட் சொல்லாம இருந்திருக்காதே. நோட்டீஸ் வந்திருக்கணுமே. யார் வாங்கினாங்க?"

மேடம் கைப்பையிலிருந்து ஈரத் தாளை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. அதன் மூலையில் இருந்த மாத்திரைக் கறையை அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான். பிறகு திருப்பினான்.

எத்தனை தடவை படித்தான் என்று தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கு விடுதலைன்னா, அடுத்தது நோட்டீஸை யார் வாங்கினாங்கன்னு கேட்பாங்க. இல்லையா?"

"கேட்பாங்க."

"அப்போ நான் ரோஸைப் பார்த்தேன் மேடம். பார்த்துட்டுத்தான் சைபர்னு எழுதினேன்."

"முட்டாள்தனமா பேசாதே," என்றார் மேடம். "அவங்க வேணும்னு செய்யலை. கவனக்குறைவுதான். தண்டனைன்னு பார்த்தா உனக்குக் கிடைக்கிறதுல பாதிகூட வராது. நான் வாதாடறேன். கோட்டைத் திரும்ப எடுத்துப் போடறேன்."

"தண்டனையைப் பத்தி நான் பேசலை. செத்த மூணு பேர் பேரும், அவங்க பிள்ளைங்க பேரும் அவளுக்குத் தெரியும். யாருக்கு எந்த நாற்காலி பிடிக்கும்னு தெரியும். தம்பி ஜெயில்ல இருக்கான்னா அவ அழுவா, சாப்பாடு எடுத்துக்கிட்டு வருவா, என்னைத் திட்டுவா. தாங்கிக்குவா. இதை..." தாளைச் சின்னதாக மடித்து மேடத்தின் கையில் வைத்து மூடினான். "இதைத் தெரிஞ்சுக்கிட்டு அவ ஒரு நாள்கூட இருக்க மாட்டா. உங்களுக்கும் தெரியும்."

"செத்தவங்களுக்கு உண்மை வேண்டாமா?" என்றேன் நான். யாராவது கேட்டாக வேண்டும் என்று தோன்றியது.

"நீங்க சொன்னா அவங்க எழுந்து வருவாங்களாண்ணே?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தன் மூடிய கையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பூட்ஸ் சத்தத்தோடு வந்தார். "என்ன வக்கீலம்மா, ஏதாவது கிடைச்சுதா?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "சார், எழுதிக்குங்க. நான் கலரைப் பார்த்தேன். வேலையை முடிக்கிற அவசரத்துல மாத்தி எழுதிட்டேன்."

இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பார்த்தார். மூடிய கைக்குள் தாள் இருந்தது. அந்தக் கையைத் திறந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும். மேடம் அதைக் கைப்பைக்குள் கொண்டுபோய் விட்டு, வெறும் கையாக எடுத்தார்.

"ஒண்ணும் கிடைக்கலை," என்றார்.

*

ஃபைல் நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டது.

வெளியே மரப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பிக்கு மாற்றுச் சட்டை, இஸ்திரி போட்டது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்தாள்.

"அவனே ஒத்துக்கிட்டானாமே. போலீஸ்காரர் சொன்னார்."

மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் தோத்துட்டேன்மா."

"அவன் பொய் எழுத மாட்டான் மேடம். யார் என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அவனே சொன்னாலும் நம்ப மாட்டேன்." சட்டையின் காலரை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். "காலையில நீங்க அவனோட வெள்ளை அட்டையை எடுத்துட்டுப் போனீங்களே, அது இருக்கா? அவன் தினமும் கையில பிடிச்சது. நான் வீட்டுல வச்சுக்கிறேன்."

மேடத்தின் கை கைப்பையின் மேல் இருந்தது. எடுக்கவில்லை.

"எங்கேயோ தவறவிட்டுட்டேன்," என்றார்.

நான் ஏதாவது பேச வேண்டிய நேரம் அது. பேச்சை மாற்றுவதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார். நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன்.

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடத்தைச் சமாதானப்படுத்தினாள்.

"பரவாயில்ல மேடம், விடுங்க. அவன் திரும்பி வர்றப்போ வேற ஒண்ணு செஞ்சு கொடுத்துடறேன். தண்ணி ஆபீஸ்லேர்ந்து பேப்பர் வந்துக்கிட்டேதான் இருக்கு."